வாப்பாவின் வெள்ளிக்காசு

எங்கள் கடை திஸ்ஸமஹாராமையிலிருந்து கிரிந்தைக்குப் போகும் பாதையோரம் இருந்தது. ஊர்ப்பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அது கடைசிக் கடை. கடலிலிருந்து ஏறி வருகிறவர்களுக்கு முதற் கடை. அரிசி, சீனி, மண்ணெண்ணெய், சுருட்டு, தூண்டில் எல்லாம் வாப்பா வைத்திருந்தார். எல்லாவற்றையும் விடப் பருமனாக இருந்தது கடன் கொப்பி. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்தக் கொப்பி நிறையும். மீன்படும் மாதங்களில் அதில் பாதி வெட்டப்படும். மற்றப் பாதியைப் பற்றி வாப்பா பேசமாட்டார்.

1965ஆம் ஆண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து புது முஹர்ரம் பிறந்திருந்த நேரம். எனக்கு வயது பத்து. கிரிந்தையிலுள்ள மலாய் மீனவர் ஒருவர் சாக்குத் துண்டில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். பாதித் தேங்காய் அளவு. கறுப்பும் பச்சையுமாக, ஒரு பக்கம் சிப்பியும் முருகைக்கல்லும் ஒட்டியிருந்தன. அளவுக்கு மீறிய பாரம்.

"இது கல்லில்ல நானா. வெள்ளி. கணக்குல கழிச்சிக்கோங்க" என்றார்.

வாப்பா பேனாக்கத்தியால் ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

"எங்க எடுத்த?"

"பாறைக்கிட்ட."

எந்தப் பாறை என்று வாப்பா கேட்கவில்லை. கேட்பதற்கான காரணமும் அவருக்கு இருக்கவில்லை. கொப்பியைத் திறந்து நீளமாக ஒரு கோடு இழுத்தார். அந்த மனிதர் ஒரு கட்டுச் சுருட்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

இஷாவுக்குப் பிறகு கடைக் கதவுகளை அடைத்துவிட்டு வாப்பா சுத்தியலை எடுத்தார். மூன்றாவது அடியில் அது பிளந்தது. வெளிப்புறத்திலிருந்த காசுகள் கறுப்புத் தூளாக உதிர்ந்தன. இடைப்பட்டவை துண்டு துண்டாக வந்தன. நடுவிலிருந்தவை மட்டும் முழுசாகக் கழன்றன. தேசிக்காய்ப் புளியும் சாம்பலும் போட்டு உம்மா தேய்த்தெடுத்தபோது, நேற்று அச்சடித்தவை போல அவை மின்னின. முழுக்காசுகள் 17. எண்ணியது நான்தான். உடைந்த துண்டுகளையும் தூளையும் உம்மா கூட்டிக் கொல்லைப்புறத்தில் கொட்டினார்.

"மகன், இங்க வா. இதுல கலிமா ஈக்கா பாரு" என்றார் வாப்பா.

வாப்பாவுக்கு ஓதத் தெரியும். ஆனால் இரவில் கண் தெரியாது. அவருடைய கவலை எனக்கு விளங்கியது. அல்லாஹ்வின் பெயர் பொறித்த ஒன்றை நெருப்பில் போடலாமா? அரிக்கன் லாம்பின் கீழே ஒவ்வொரு காசாகத் திருப்பிப் பார்த்தேன். எழுத்துகள் எனக்குத் தெரிந்தவைதாம். சொற்கள் தெரியவில்லை. அது பாரசீகம் என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகே அறிந்தேன். அலிஃப், லாம், லாம், ஹே என்று வரிசையாக எங்கேனும் வருகிறதா என்று தேடினேன். வரவில்லை. கலிமாவும் இல்லை. "இல்ல வாப்பா" என்றேன். அவர் ஆறுதலாக மூச்சு விட்டது இன்னும் காதிலிருக்கிறது.

ஆனால் ஒன்றை என்னால் வாசிக்க முடிந்தது: இலக்கங்கள். குர்ஆனில் ஆயத்து இலக்கங்களைப் பார்த்துப் பழகிய கண். அலிஃபைப் போல மூன்று கோடுகள்; அவற்றுக்குப் பக்கத்தில் மூன்று பல்லுள்ள சிறு சீப்பு. ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்று. நான் பார்த்த காசுகளில் இலக்கம் தெளிவாகத் தெரிந்த அத்தனையிலும் அதே மூன்று கோடுகள், அதே சீப்பு. மறுநாள் ஓதப்பள்ளியில் லெப்பையிடம், இப்போது ஹிஜ்ரி எத்தனை என்று கேட்டேன். 1385 என்றார். சிலேட்டில் கழித்துப் பார்த்தேன். 272 வந்தது. ஏன் கேட்டாய் என்று லெப்பை கேட்கவில்லை, நல்ல வேளை. யாரிடமும் சொல்லக் கூடாதென்பது வாப்பாவின் கட்டளை.

அடுத்த மாதம் ராத்தாவுக்குக் கலியாணம். 17 காசுகளும் பத்தரிடம் போயின. ஒரு சோடிக் கொலுசாகத் திரும்பி வந்தன.

இத்தனையும் நான் மறந்துபோன சங்கதிகள். 1980களில், காலியில் ஆசிரியனாக இருந்தபோது, ஒரு நூலகத்தின் ஆங்கிலப் புத்தக அலுமாரியில் ஆர்தர் சி. கிளார்க் எழுதிய நூலொன்று கைக்குக் கிடைத்தது. 1964இல் வெளிவந்த 'த ட்ரெஷர் ஒஃப் த கிரேட் ரீஃப்'. கிரேட் பாசஸ் பாறைத் தொடரைப் பற்றியது என்பதால்தான் எடுத்தேன். கிரிந்தைக்கு அப்பால் நடுக்கடலில் நிற்கும் அந்தப் பாறையின் வெளிச்சவீடு 1873ஆம் ஆண்டிலிருந்து எரிகிறது. சிறுவயதில் எங்களுடைய இரவுக்கெல்லாம் அது ஒரு கடிகாரம். சிங்களவர் அந்தப் பாறையை மஹ ராவணா கோட்டுவ என்பார்கள்.

1961 மார்ச் மாதத்தில், கிளார்க்கின் நண்பரான மைக் வில்சன் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களுடன் அங்கே படம்பிடிக்கச் சென்று கடலில் இறங்கியிருக்கிறார். கண்ணில் பட்டவை சிறிய வெண்கலப் பீரங்கியும், முருகைக்கல்லோடு கல்லாகிப்போன வெள்ளிக்காசுக் கட்டிகளும். கட்டி ஒன்றில் ஏறக்குறைய ஆயிரம் காசுகள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த மெண்டல் பீட்டர்சன் அவற்றை ஆராய்ந்திருக்கிறார். முகலாயச் சக்கரவர்த்தி ஔரங்கசீப்பின் ரூபாய்கள். அச்சடித்த இடம் சூரத். ஆண்டு ஹிஜ்ரி 1113.

அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். நூலகத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சிலேட்டும், 272உம், அரிக்கன் லாம்பும், உம்மா கூட்டிக் கொட்டிய கறுப்புத் தூளும் ஒன்றாக எழுந்து வந்தன.

வாசகர்கள் இதை ஒரு புதையல் கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புதையலைப் பற்றி எனக்கு எழுத ஒன்றுமில்லை. அந்தக் கட்டிகள் என்ன சொல்லக்கூடியவையாக இருந்தன என்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அந்தக் கட்டிகள் பையின் வடிவில் இருந்தன. பை உக்கிப்போய்விட்டது, காசுகள் பையின் அடிப்பாகம் எப்படியிருந்ததோ அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றன. ஆகவே அவை ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் கட்டப்பட்ட பணமுடிச்சுகள். எல்லாம் ஒரே ஆண்டு, ஒரே அச்சுச்சாலை, கைபடாத புதுக்காசுகள். சந்தையில் புழங்கிச் சேர்ந்த பணமாக இருந்தால் பல வருடங்களும் பல ஊர்களும் கலந்திருக்கும். ஆகவே சூரத்தின் அச்சுச்சாலையிலிருந்து வெளியே வந்த சூட்டோடு இது கப்பலேறியிருக்கிறது. ஹிஜ்ரி 1113 என்பது கி.பி. 1701 நடுப்பகுதியிலிருந்து 1702 நடுப்பகுதி வரை. கப்பல் அதற்குச் சற்றுப் பின்னே மூழ்கியிருக்க வேண்டும். கப்பலின் பெயர் தெரியாது, தலைவன் தெரியாது. ஆனாலும் காசுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்த விதத்திலிருந்து மட்டும் இவ்வளவு பேச முடிகிறது.

சூரத் அக்காலத்தில் முகலாயரின் பெருந்துறைமுகம். ஹாஜிகள் அங்கிருந்தே கப்பலேறியதால் அதற்கு மக்காவின் வாசல் என்று பெயர். முல்லா அப்துல் கபூர் போன்ற முஸ்லிம் வணிகர்களுக்கு அங்கே சொந்தக் கப்பல்கள் இருந்தன. ஐரோப்பியக் கம்பனிகளின் கப்பல்களும் அங்கே நின்றன. சூரத் ரூபாய் ஏற்றிய கப்பல் என்பதற்காக அது முஸ்லிம்களின் கப்பல் ஆகிவிடாது. இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு; பின்னால் வருகிறேன்.

கலிமாவின் விஷயமும் பிறகுதான் தெரிந்தது. முந்திய முகலாயக் காசுகளில் கலிமா பொறிக்கப்பட்டிருந்தது. ஔரங்கசீப் ஆட்சிக்கு வந்ததும் அதை நீக்கினார். காசு கைமாறிக் கைமாறிக் கண்ட இடத்திலும் விழும். திருவசனம் அவமதிக்கப்படக் கூடாது என்பது அவர் நினைப்பு. அவர் நீக்கியதால் நான் தேடியபோது அது கிடைக்கவில்லை. அது கிடைக்காததால் வாப்பா மனச்சாட்சி உறுத்தாமல் காசுகளைப் பத்தரிடம் அனுப்பினார். கலிமா காலில் மிதிபடாதிருக்க ஒரு சக்கரவர்த்தி செய்த ஏற்பாடு, காசையே என் ராத்தாவின் காலில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வாப்பாவின் காசுகளும் அந்தக் கப்பலில் வந்தவைதானா? ஆண்டு பொருந்துகிறது. கட்டியின் கோலம் பொருந்துகிறது. ஆனால் சாட்சியமென்று ஒன்றுமில்லை. "எந்தப் பாறை" என்ற ஒரு கேள்வியை வாப்பா கேட்டிருந்தால், நான் இன்று வேறுவிதமாக எழுதியிருப்பேன்.

1963இல் வில்சனும் கிளார்க்கும் மீண்டும் அந்தப் பாறைக்குப் போனபோது பீட்டர் த்ரொக்மோர்டன் என்பவரையும் அழைத்துப் போனார்கள். துருக்கிக் கரையில் கடற்பஞ்சு எடுக்கும் சுழியோடிகளோடு பழகி, அவர்கள் வாயிலிருந்தே மூழ்கிய கப்பல்களின் இடங்களைக் கேட்டறிந்தவர் அவர். அப்படி அறிந்ததில் ஒன்றான கெலிடோன்யா முனைக் கப்பலை 1960இல் ஜோர்ஜ் பாஸ் அகழ்ந்தார். தரையில் குழி வெட்டும் தொல்லியலாளர் எவ்வளவு நிதானமாக அளந்து, வரைந்து, பிறகு கை வைப்பாரோ, அவ்வளவு நிதானத்தோடு கடலடியிலும் வேலை செய்ய முடியும் என்று காட்டிய முதல் அகழ்வு அது. இந்த ஒழுங்கின் வயதே அவ்வளவுதான். வாப்பா சுத்தியலைத் தூக்கியபோது அதற்கு வயது ஐந்து. ஆகவே வாப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். கடலில் கிடைத்ததை உருக்கி விற்பதுதான் அன்று உலக வழக்கமாக இருந்தது.

இதை எனக்குக் கண்ணால் காட்டியது காலித் துறைமுகம். ஒல்லாந்தக் கம்பனியின் 'அவொன்ட்ஸ்டர்' என்ற கப்பல் 1659 ஜூலை 2ஆம் திகதி காலித் துறையில் நங்கூரமிட்டு நின்ற இடத்திலிருந்து இழுபட்டுப் போய்க் கரையோரம் தரைதட்டி மூழ்கியது. அது பிறப்பிலே ஆங்கிலக் கப்பல். ஒல்லாந்தர் பிடித்துப் பெயர் மாற்றியது. 2001 முதல் நமது கடல்சார் தொல்லியல் பிரிவினர் அதை அகழ்ந்தார்கள். ஆழமென்று சொல்ல நாலைந்து மீற்றர்தான். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலால் பார்க்கும் தூரம்.

ஒருநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அவர்களுடைய வேலைத்தலத்துக்குக் கூட்டிப் போனேன். தொட்டிகளில் நன்னீர்; நீருக்குள் கயிறு, தோல், மரச்சாமான்கள். ஏன் இன்னும் தண்ணீரிலேயே போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். கடலில் கிடந்த மரத்துக்குள் உப்பும் நீரும் நிறைந்திருக்கும். வெளியே எடுத்து உலர விட்டால் அது சுருங்கி வெடித்துப் பொடியாகிவிடும். உப்பை மாதக்கணக்கில் சிறிது சிறிதாக வெளியேற்ற வேண்டும் என்று அங்கிருந்த இளைஞர் விளக்கினார். இன்னொன்றும் சொன்னார். மேலே கொண்டுவரும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னே, அது கிடந்த இடம், அதன் பக்கத்தில் கிடந்தவை, அது கிடந்த சாய்வு எல்லாம் வரைந்து வைத்த தாள் ஒன்று இருக்கும். தாள் இல்லாத பொருள் அவர்களுக்குப் பாதிப் பொருள்தான். பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். எனக்கு அரிக்கன் லாம்பின் வெளிச்சம் நினைவில் வந்தது.

2004 டிசம்பர் 26இல் அந்த வேலைத்தலம் போய்விட்டது. காலியில் அன்று போனவற்றோடு ஒப்பிட்டால் ஒரு கட்டடமும் சில தொட்டிகளும் பெரிதல்ல. நாங்கள் அன்று ஜனாஸாக்களைத் தேடிக்கொண்டிருந்தோம். ஆனாலும் முந்நூற்று நாற்பது வருடங்கள் கடலிலே பத்திரமாகக் கிடந்தவற்றைக் காப்பாற்றுவதற்காகக் கரைக்கு எடுத்தோம், கடல் வந்து திருப்பி எடுத்துக்கொண்டது என்ற நினைப்பு அந்த வழியால் போகும்போதெல்லாம் வரும்.

2010இல் ஒரு கப்பல் வந்தது. பெயர் 'மஸ்கட்டின் மாணிக்கம்'. ஓமானில், ஓர் இரும்பாணி கூட இல்லாமல், பலகைகளைத் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய பாய்க்கப்பல். பெப்ரவரியில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு, கொச்சி, காலி, பினாங்கு வழியாக ஜூலையில் சிங்கப்பூரை அடைந்தது. காலியில் அது நின்றபோது பார்க்கப் போனோம். கூட வந்த நண்பரொருவர் அதன் தையல்களைப் பார்த்துக் கண்கலங்கினார். "எங்கட மூதாதைகள் வந்த கப்பல் மச்சான்" என்றார். எனக்கு நினைவில் வந்தது, எங்கள் தென்கரையில் பொச்சுமட்டையை ஊறப்போட்டு அடித்துக் கயிறு திரிக்கும் சிங்களப் பெண்களின் கைகள். 1344இல் இந்தப் பக்கம் வந்த இப்னு பதூதா, காலியில் நாகுதா இப்றாஹீம் என்பவர் வீட்டில் விருந்துண்டதை எழுதியிருக்கிறார். தென்னங்கயிற்றால் தைத்த கப்பல் பாறையில் மோதினால் நெளிந்துகொடுக்கும், ஆணியடித்தது உடைந்துபோகும் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

அந்த மாணிக்கத்துக்கு மாதிரியாக இருந்தது 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கடலட்டை பிடிக்கும் சுழியோடிகள் கண்ட ஒரு கப்பல். ஒன்பதாம் நூற்றாண்டுக்குரியது. அதில் ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்குச் சமமான சீன ஆண்டு. அரபு–சீனக் கடல்வணிகத்துக்கு அதுவரை ஏடுகளில் மட்டுமிருந்த சாட்சி, மரமும் கயிறுமாகக் கிடைத்தது. ஆனால் அதை எடுத்தது ஒரு வர்த்தக நிறுவனம். பொருட்கள் 2005இல் மூன்று கோடி டொலருக்கு மேல் விலைபோய்ச் சிங்கப்பூருக்குச் சேர்ந்தன. வியாபாரத்துக்காகத் தோண்டியதைக் காட்சிக்கு வைத்தால் நாளை எல்லோரும் தோண்டுவார்கள் என்று தொல்லியலாளர் எதிர்த்ததால், ஸ்மித்சோனியன் தனது கண்காட்சியை 2011இல் கைவிட்டது. மறுபக்கத்து நியாயமும் இலேசானதல்ல. காத்திருந்தால் திருடர்கள் ஒரு கிண்ணத்தையும் மிச்சம் வைத்திருக்கமாட்டார்கள் என்றார்கள். தையலையும் மரத்தையும் பதிவு செய்தவர் கவனமாகத்தான் செய்தார். இந்த வழக்கில் நான் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை. மாணிக்கத்தைப் பார்த்து மகிழ்ந்தவன் நான். அந்த மகிழ்ச்சி எந்த வழியால் வந்தது என்பதையும் அறிந்தவன்.

அந்த வருடம் எங்களூர்க் கூட்டமொன்றில் இந்தக் கப்பலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேச்சு முடிந்ததும் ஓர் இளைஞர் எழுந்து கேட்டார்: "சேர், எங்கட கடலுக்கடியில அப்படியொரு அரபுக் கப்பல் அகப்படாதா? அகப்பட்டா, எங்களை வந்தான் வரத்தான் என்று செல்ற ஆக்களுக்கு வாய் மூடுமே." சபை கைதட்டியது. அந்தக் கேள்விக்குப் பின்னாலிருந்த நோவு எனக்கு விளங்கும். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அது இன்னும் நன்றாக விளங்கியது.

ஆனால் அன்று நான் கைதட்டவில்லை. பெலிதுங் கப்பலின் மரத்தில் ஆபிரிக்க மரமும் இருந்தது, சரக்கு சீனருடையது, மூழ்கியது மலாய்க் கடலில். அது யாருடைய கப்பல்? அரபுக் கப்பல் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் இறங்கினால், மற்ற எல்லாவற்றையும் அவர் உடைத்துக் கொல்லைப்புறத்தில் கொட்டிவிடுவார். வாப்பாவுக்கு வேண்டியிருந்தது வெள்ளி. எங்களுக்கு வேண்டியது அத்தாட்சி. கையில் இருப்பது அதே சுத்தியல். இதைச் சொன்னபோது சபை அமைதியாகிவிட்டது. தலைவர் தேநீருக்கு அழைத்தார். அதன் பிறகு அவர்கள் என்னைப் பேச அழைக்கவில்லை.

அந்த இளைஞருக்கு நான் சொல்ல மறந்தது கொடவாயக் கதை. அம்பாந்தோட்டைக்கு இப்பால், எங்கள் பழைய கடையிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கும் சிறு மீனவக் கிராமம். 2003இல் அங்கே சங்கு குளிக்கப் போன சுழியோடிகள், 30 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து அம்மி போன்ற, குட்டைக் கால்களுடைய ஒரு கல்லை எடுத்தார்கள். அதில் மீனும் மங்கலச் சின்னங்களும் செதுக்கியிருந்தன. அவர்கள் அதை விற்கவில்லை. தொல்லியல்காரரிடம் கொடுத்தார்கள், எந்த இடம் என்றும் சொன்னார்கள். 2008இல் ஆய்வாளர் அந்த இடத்தில் இறங்கினார்கள். பிறகு பல பருவங்கள் அகழ்வு நடந்தது. கண்ணாடிக் கட்டிகள், இரும்பு, மட்பாண்டம். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடப் பழைமை. இந்து சமுத்திரத்தில் இதுவரை கண்டறியப்பட்ட கப்பற் சிதைவுகளில் மூத்தது அதுவே. அவர்களுக்கும் எங்கேயோ ஒரு கடையில் கடன் கொப்பி இருந்திருக்கும்.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு ராத்தாவைப் பார்க்கப் போனேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கொலுசு அலுமாரியில், கலியாணத்தன்று சுற்றிய அதே சிவப்புத் துணியில் இருக்கிறது. இடையில் ஒருமுறை கொக்கி மட்டும் மாற்றினாராம். காசின் கதையை அவரிடம் முழுவதும் சொன்னேன். ஔரங்கசீப் என்ற பெயரை அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "வாப்பா எனக்குச் செஞ்ச ஒரே நகை" என்றார்.

பக்கத்து நகைக்கடையில் நிறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். சம்மதித்தார். ஒரு ரூபாய் ஏறக்குறைய 11.5 கிராம், 17 ரூபாய்க்கு 195 கிராமளவில் வர வேண்டும். தராசு 186 காட்டியது. கடைக்காரப் பையனிடம் கணக்கைச் சொன்னேன்.

"ஒன்பது கிராம் குறையுது அங்கிள்" என்றான். "பத்தர்ட சேதாரமா ஈக்கும்."